தொண்ணூறுக்குக் கீழே

ஏனுங்க்கா, இந்த பெஞ்சுல சித்த உக்காந்துக்கட்டுங்களா? பையை நகர்த்த வேண்டாமுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் ஓரமா ஒட்டிக்கறேன். காலையில இருந்து நின்னு நின்னு, காலு ரெண்டும் என்னுதே இல்லைங்கற மாதிரி ஆயிருச்சு.

ஆத்தூருங்களா? அப்படியா. மருமகளுக்குப் பித்தப்பையில கல்லா? எடுத்துட்டாங்களா? நல்லதுங்க, நல்லதுங்க. மருமக ஒல்லியா இருக்குமுங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். ஒல்லியா இருக்கறவங்களுக்கு எந்த டாக்டரும் கதவைச் சாத்தறதில்லை, அதுக்காகக் கேட்டேன்.

எம் பொண்டாட்டி உள்ளதான் இருக்கறா. அம்சவேணி. தியேட்டர்ல வேற யாருக்கோ ஆபரேசன் ஓடிட்டிருக்குது. அது முடிஞ்சதும் இவளை எடுக்கறாங்களாம். பொழைச்சாலும் பொழைக்கலாம், போனாலும் போயிரலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னால ஒருதடவை அவ மொகத்தைப் பார்த்துப் பேசோணும்னு நான் கெடந்து தவிக்கறேன். அந்தா, ஸ்டூல் போட்டு உக்காந்திருக்குதே நீலச் சேலை, அது என்னை வாசப்படியைத் தாண்ட விட மாட்டேங்குது. பொம்பளை வார்டாம். உங்களை மட்டும் உள்ள விட்டுச்சு, நான் பார்த்தேன்.

நான் சென்னியப்பனுங்க. சங்ககிரிப் பக்கம். ஒரு கல்குவாரி வாசல்ல எடைமேடையில வேலை. கல்லு ஏத்திக்கிட்டு லாரி வந்து மேடை மேல நிக்கும். நான் கூண்டுக்குள்ள உக்காந்து எடை பார்ப்பேன். கூடுதலா இருந்தா, "கொட்டிட்டு வாப்பா"ன்னு திருப்பி விட்டுருவேன். அதனால திருப்பி அனுப்பறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாததில்லீங்க்கா. ஆனா லாரியைத் திருப்பி அனுப்புனா நாலு கூடை கல்லைக் கீழ தள்ளிட்டு வந்துரலாம். மனுச உடம்பை எங்கீங்க கொட்டறது? இத்தனை படிச்சவங்கள்ல ஒருத்தராவது அதை யோசிச்சாங்களா?

நாலு ஆஸ்பத்திரிங்க்கா. நாலும் திருப்பி அனுப்புச்சு.

எம் பொண்ணு பொறந்தப்ப ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. அந்தத் தையல் போட்ட எடத்துல வருசம் போகப் போகக் கொஞ்சமாப் பிதுங்க ஆரம்பிச்சுது. இருமுனா எலுமிச்சம்பழமாட்டம் வெளிய வரும், படுத்தா உள்ள போயிரும். அப்புறம் கொய்யாப்பழமாச்சு. அப்புறம் தேங்கா மூடி. கையை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பா. துணி துவைக்கையில ஒரு கை வயித்துல, ஒரு கை கல்லுல. குடலிறக்கம்னாங்க. ஒரு வலையை வெச்சுத் தெச்சுட்டா தீந்துருமாம். தை மாசம் பொங்கல் முடிஞ்ச கையோட ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரு எடுத்த டாக்டருன்னு சொன்னாங்க.

அவரு இவ வயித்தைத் தொடவே இல்லீங்க்கா. உள்ள நுழைஞ்சதும், "மெசின்ல ஏறும்மா"ன்னாரு. ஏறுனா. நூத்திப் பன்னண்டு. அந்த முள்ளைப் பார்த்தாரு, இவளைப் பார்த்தாரு, அப்புறம் என்னைப் பார்த்துச் சொல்றாரு: "தொண்ணூறுக்குக் கீழ கொண்டாங்க. அப்பப் பண்றேன். இந்த எடைக்கு மயக்க மருந்து குடுக்கறவர் சம்மதிக்க மாட்டாரு. பண்ணுனாலும் தையல் நிக்காது. டேபிள்ல ஒண்ணு ஆகிப்போச்சுன்னா என் சட்டையைத்தானே பிடிப்பீங்க?"

நியாயந்தானுங்க. பிடிப்பேன். அதை இல்லைங்கலை. ஆனா டாக்டருன்னு ஒரு பலகையை மாட்டிட்டு, நீ குண்டு, உனக்கு வைத்தியம் கிடையாதுன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. பஸ்ல ஏறாதேன்னு சொல்ல முடியுமா? கோயிலுக்குள்ள வராதேன்னு சொல்ல முடியுமா?

இவ வாயைத் தொறந்தா: "நடந்தா வெளிய வந்துருதுங்க சார், அப்பறம்…" அப்படின்னு இழுத்தா. நான் விடலை. நான் பக்கத்துல இருக்கையில அவ எதுக்குங்க டாக்டர்கிட்ட மல்லுக்கட்டோணும்? "நடக்கச் சோம்பல் சார், நான் நடக்க வெச்சுக்கறேன்"னு சொல்லிக் கும்பிடு போட்டுட்டு வந்தேன். டாக்டருகிட்ட நான் எப்பவும் மரியாதையாத்தான் பேசுவேன்.

யாரோ வர்றாங்க… இல்ல, நம்மளைத் தேடி இல்ல. டீ வாங்கப் போறாங்க போல.

ரெண்டாவது ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கற மெசினு இவ பாரத்தைத் தாங்காதுன்னுட்டாங்க. அதை அந்தக் கவுண்டர்ப் புள்ள அத்தனை பேரு முன்னால சத்தமாச் சொல்லுச்சு. மூணாவது எடத்துல, மொதல்ல வயித்தைச் சுருக்கற ஆபரேசன் ஒண்ணு இருக்குது, அதைப் பண்ணிட்டு வாங்கன்னாங்க. ஆபரேசன் பண்றதுக்கு ஒரு ஆபரேசன்! நாலாவது டாக்டரு கொஞ்சம் தமாசுக்காரரு. "வீட்டுல அரிசி மூட்டை யாரு கட்டுப்பாட்டுல இருக்குது?"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன். பெரிய மனுசன் சிரிக்கையில நாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா நல்லா இருக்குமுங்களா? அவ மட்டும் சிரிக்கலை. வெளிய வந்து பஸ்ஸுல சன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தா. "ஏன் புள்ள, தமாசுகூடத் தெரியாதா உனக்கு?"ன்னேன். "தெரியுமுங்க"ன்னா. அவ்வளவுதான்.

சரி, தொண்ணூறுன்னு சொல்லிட்டாங்க, தொண்ணூறுக்குக் கொண்டாந்து காட்டறேன்னு எனக்கு ஒரு வைராக்கியம் வந்துருச்சு. எந்தக் கையால திருப்பி விட்டானோ அந்தக் கையாலயே உள்ள விட வெக்கோணும். எனக்குத் தெரிஞ்ச வேலையே எடைதானுங்க்கா.

சோத்துப் பானையை நானே எடுத்து மேல வெச்சுட்டேன். காலையில கொள்ளுத் தண்ணி. மத்தியானம் பூசணி, சுரை, அந்த மாதிரி. பொழுது எறங்கையில ஒரு டம்ளர் மோரு. காட்டு வழியில நடக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போயி வயித்தைப் பிடிச்சுட்டு வரப்புல உக்காந்துக்குவா. "வெளிய வந்து நிக்குதுங்க, உள்ள போக மாட்டேங்குது"ம்பா. நான் பொறுமையாத்தான் சொன்னேன், "வெளிய வந்தாலும் பரவாயில்லை புள்ள, எடை குறையோணும். குறைஞ்சாத்தான் அதை உள்ள வெச்சுத் தெப்பாங்க"ன்னு. நடந்தாத்தான் குறையும், குறைஞ்சாத்தான் ஆபரேசன், ஆபரேசன் ஆனாத்தான் நடக்க முடியும். இந்தச் சக்கரத்துக்குள்ள ஒரு மனுசியைக் கொண்டு போயித் தள்ளிட்டு டாக்டருக பாட்டுக்கு அடுத்த ஆளைக் கூப்பிடறாங்க.

எடை குறையுதா இல்லையான்னு பார்க்கோணுமில்லீங்க? மருந்துக்கடை மெசினு ஒரு நாளைக்கு ஒண்ணு காட்டுச்சு. எங்க மேடை இருக்கையில நான் எதுக்கு அங்க போகோணும்? ஒரு நாயித்துக்கிழமை, குவாரி லீவு, வண்டி வராதுன்னு இவளைக் கூட்டிட்டுப் போயி மேடை மேல நடுவுல நிக்க வெச்சேன்.

எங்க மேடைக்கு வெளிய ஒரு பெரிய போர்டு உண்டுங்க்கா. ரோட்டுல இருந்து பார்த்தாலே தெரியற மாதிரிச் செவப்பு வெளிச்சத்துல எடை எரியும். டிரைவருக கூண்டுக்கிட்ட வர வேண்டியதில்லை, வண்டியில இருந்தே பார்த்துக்கலாம். அதுல நூத்திப் பத்துன்னு எரிஞ்சுது. லாரி மேடையில்லீங்களா, பத்துக் கிலோவுக்குக் குறைஞ்ச வித்தியாசம் அதுக்குத் தெரியாது.

வண்டி வராதுன்னு பார்த்தா, முந்தின நாளு லோடு ஏத்திட்டு டயர் பஞ்சராகி நின்ன வண்டி ரெண்டு நின்னுட்டிருந்துச்சு. டிரைவருக எட்டிப் பார்த்தானுக. ஒருத்தன், எனக்கு நல்ல பழக்கமானவந்தான், "என்னண்ணா, இது காலி வண்டி எடையா, லோடு எடையா?"ன்னு கேட்டான். எல்லாம் சிரிச்சுட்டானுக. "லோடுதான்டா, எறக்கத்தான் போறேன்"னு நானும் சொன்னேன். அவனுககிட்ட வேற எப்படீங்க பேசறது? நானு கோவிச்சுக்கிட்டா இன்னும் கிண்டல் பண்ணுவானுக.

இவ அந்த மேடைக்கு நடுவுல சேலைத் தலைப்பை எடுத்துத் தலைமேல போட்டுக்கிட்டு நின்னா. வெயிலு. "எறங்கு புள்ள, பார்த்தாச்சு"ன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். காது கேக்காத மாதிரி நின்னுட்டே இருந்தா. அப்பறம் எறங்கி, என்னைப் பார்க்காம, ரோட்டோரமா நடந்து வீட்டுக்குப் போயிட்டா. வயித்தைப் பிடிச்சுக்காமயே போனா, அதை நான் கவனிச்சேன். நடக்க முடியும், மனசு வெச்சா முடியும்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு.

அன்னிக்கிருந்து நல்ல பலனுங்க்கா. நான் சோத்துப் பானையை ஒளிக்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. அவளே நிறுத்திட்டா. மோரு குடுத்தா வேண்டாம்பா. கண்ணாலம் காச்சின்னு எங்கயும் வர மாட்டேன்னுட்டா, அதுலயும் விருந்துச் சாப்பாடு மிச்சம். எம் பொண்ணு கோயமுத்தூர்ல படிக்குது, அது போன்ல, "அப்பா, அம்மா பேசவே மாட்டேங்குது, என்னாச்சு?"ன்னு கேக்கும். "ஒண்ணுமில்லை கண்ணு, உங்கம்மா இப்ப இளைச்சு எப்படி ஆயிட்டான்னு வந்து பாரு"ம்பேன். எனக்குப் பெருமைதான். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. ஆனி முடியறப்பவே ரேசன் கடைத் தராசுல தொண்ணூத்தி நாலுக்கு வந்துட்டா.

அங்க வந்து நின்னுக்கிச்சுங்க்கா. தொண்ணூத்தி நாலு. அசைய மாட்டேங்குது. ஆடியில அந்த ஈரோட்டு டாக்டருகிட்டத் தேதி வாங்கியாச்சு. நாலு கிலோ. வெறும் நாலு கிலோ.

எங்க லாரிக்காரனுக ஒரு வேலை பண்ணுவானுக. எடை கொஞ்சமாக் கூடிப்போச்சுன்னா, கல்லைக் கொட்ட மனசு வராது. மேடை ஏறறதுக்கு முன்னால ஸ்டெப்னி டயரைக் கழட்டிப் புதருக்குள்ள உருட்டி விடுவானுக. டீசலைக் குறைச்சு ஊத்திட்டு வருவானுக. கிளீனர் எறங்கி முன்னால நடந்து போயிருவான். வண்டி மேடையைத் தாண்டுனதும் எல்லாத்தையும் மறுபடி ஏத்திக்குவானுக. எனக்குத் தெரியும், கண்டுக்க மாட்டேன். பொழைச்சுப் போகட்டும்னு விட்டுருவேன்.

அதையேதானுங்க நான் பண்ணுனேன். ஒரு தடவை மேடையைத் தாண்டோணும், அவ்வளவுதானே?

வளையலைக் கழட்டச் சொன்னேன். மெட்டியை, தோட்டை. தாலிக்கொடியைக் கழட்ட மாட்டேன்னா. "ஸ்டெப்னி மாதிரிதான் புள்ள, வந்து மாட்டிக்கலாம்"னேன். அதுக்கு அவ என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. சரி, அது கெடக்கட்டும்னு விட்டுட்டேன். தேதிக்கு முந்தின நாளுல இருந்து தண்ணி கிடையாது. பொழுது எறங்கையில விளக்கெண்ணெய் குடுத்தேன், வயிறு சுத்தமாகட்டும்னு. நல்ல செக்குல ஆட்டுன எண்ணெய்ங்க்கா, கலப்படம் ஒண்ணும் கிடையாது.

காலையில பார்த்தா வாந்தி எடுக்கறா. பச்சையா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசங்கூட, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு கிலோவாவது அதுல போயிருக்குமில்ல? வயித்தை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு, "ஏனுங்க, இது எண்ணெய் வலி இல்லீங்க, இது வேற மாதிரி இருக்குதுங்க"ன்னா. "சித்த பொறு புள்ள, இன்னிக்கு ஒரு பொழுது. டாக்டருகிட்டத்தானே போறோம்"னேன். நீங்க இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க? டாக்டருகிட்டத்தானே போறோம்?

காரு வெச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். அதுல ஒரு குறையும் வெக்கலை. டாக்டரு ரூமுக்குள்ள நுழைஞ்சதும் அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள நானே இவளை மெசின்ல ஏத்திட்டேன். எண்பத்தொம்போது. எண்பத்தொம்போதுங்க்கா! நான் கையைத் தட்டிட்டேன். "சார், பாருங்க சார்"ங்கறேன், பின்னால தொப்புன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா இவ கீழ கெடக்கறா.

அப்பத்தான் அந்த டாக்டரு மொத மொதல்ல இவ வயித்துல கை வெச்சாரு. கை வெச்சதும் அவரு மொகம் மாறிப்போச்சு. அந்தத் தேங்கா மூடி கல்லாட்டம் ஆயிருந்துச்சாம், தோலு கருத்திருந்துச்சாம். "குடல் சிக்கிக்கிச்சு, ரத்த ஓட்டம் நின்னு போயிருக்குது, இங்க ஐ.சி.யு. கிடையாது, உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சார், நீங்க சொன்ன எடைக்குக் கொண்டாந்துட்டேன். தொண்ணூறுன்னீங்க, எண்பத்தொம்போது இருக்குது. நீங்கதான் பண்ணோணும். பேச்சு மாறாதீங்க"ன்னேன். அவரு ஆம்புலன்சுக்குப் போன் பண்றாரு, நான் விட மாட்டேங்கறேன். நர்சு புள்ள என் கையைப் புடிச்சு இழுக்குது. அத்தனை பேரும் கூடிட்டாங்க. நான் விடலை. ஆறு மாசமா பட்டினி போட்டு, நடக்க வெச்சு, ஒருத்தன் சொன்ன சொல்லை நம்பிக் கொண்டாந்து நிறுத்துனா, மறுபடியும் திருப்பி அனுப்பறான்னா எந்த மனுசனுக்குங்க பொறுக்கும்? ஆம்புலன்சு வந்து வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் என் நியாயத்தைக் கேட்டுட்டுத்தான் ஏறுனேன்.

இங்க வந்தப்ப ஒரு பொம்பளை டாக்டரு. சின்ன வயசு. எடை போடவே இல்லைங்க்கா! மெசினு மூலையில இருந்துச்சு, அது பக்கங்கூடத் திரும்பலை. நானே சொன்னேன், "எண்பத்தொம்போதுங்க மேடம், ஈரோட்டுல பார்த்தாச்சு"ன்னு. அந்தப் புள்ள காதுல வாங்கலை. குனிஞ்சு வயித்தைத் தொட்டுப் பார்த்துச்சு. "வாந்தி எப்ப இருந்தும்மா?"ன்னு கேட்டுச்சு. "இன்னிக்குக் காலையில இருந்துதான் மேடம்"னேன். ஸ்ட்ரெச்சர்ல இருந்து இவ சொல்றா, "முந்தாநாள்ல இருந்துங்க."

முந்தாநாளாம்! ஒரே வீட்டுல இருக்கறோம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கொல்லைப்புறம் போயி எடுத்துட்டு வந்திருக்கறா. "பேதிக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"ன்னு அந்தப் புள்ள என்னைப் பார்த்துக் கேட்டுச்சு. "வயிறு சுத்தமாறதுக்குத்தான் மேடம், நாட்டு மருந்து"ன்னேன். அதைச் சீட்டுல எழுதிக்கிச்சு. "கொஞ்சம் வெளிய இருங்க"ன்னுச்சு. "இல்லைங்க, அவளுக்குப் பேசத் தெரியாது, என்ன வேணுமோ எங்கிட்டக் கேளுங்க"ன்னேன். "அவங்கதானே நோயாளி? வெளிய இருங்க"ன்னு திரையை இழுத்து விட்டுருச்சு.

உள்ள ரொம்ப நேரம் பேசுனாங்க்கா. என்னத்தை அத்தனை நேரம் பேசுனான்னுதான் எனக்குப் புரியலை. எங்கிட்ட அத்தனை நீளமா அவ பேசி நான் பார்த்ததில்லை.

அந்த டாக்டரு வெளிய வந்து சொல்லுச்சு: "குடல் ஒரு பகுதி செத்திருக்கலாம். தண்ணிச் சத்தே இல்லாம வந்திருக்காங்க. ஆபத்து அதிகம். ஆனா பண்ணாம விட முடியாது, பண்றோம். அவங்க சம்மதிச்சுட்டாங்க." நான் கேட்டேன், "ஏன் மேடம், அந்த ஈரோட்டுக்காரரு தை மாசமே பண்ணியிருந்தா இது வந்திருக்குமா? அந்த மாதிரி ஆளுக மேல கேசு போட முடியாதா?" அதுக்கு அந்தப் புள்ள, "எடையைக் குறைக்கச் சொன்னது தப்பில்லைங்க. தொட்டுப் பார்க்காம, எப்படிக் குறைக்கறதுன்னு சொல்லாம, இப்படிச் சிக்கிக்கிட்டா என்ன அறிகுறி வரும்னு சொல்லாமத் திருப்பி அனுப்புனது தப்பு. அவங்க சொல்றதை யாராவது ஒருத்தர் காது குடுத்துக் கேட்டிருக்கணும்"னுச்சு. கேட்டீங்களா? டாக்டரே டாக்டரைக் குத்தம் சொல்லுது! யாருமே கேக்கலை பாருங்க அவளை. நாலு ஆஸ்பத்திரி, ஒருத்தர்கூடக் கேக்கலை. அதுதானுங்க்கா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

"நான் ஒருதடவை பார்த்துட்டு வந்துர்றேன் மேடம்"னேன். அந்தப் புள்ள கொஞ்சம் தயங்குச்சு. "அவங்க இப்ப யாரையும் பார்க்க வேண்டாம்னு சொல்றாங்க"ன்னுச்சு. "யாரையும்னா, நான் புருசன்"னேன். "உங்களைத்தான் சொன்னாங்க"ன்னுட்டுப் போயிருச்சு.

வலியில சொல்லியிருப்பா. வலியில யாரு என்ன சொல்றாங்கன்னு இருக்குதுங்களா? எப்படியும் நீலச் சேலைக்காரி ஆம்பளைகளை விடப் போறதில்லை, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு, அவ்வளவுதான். மத்தபடி எங்களுக்குள்ள சண்டை சச்சரவே வந்ததில்லைங்க்கா. ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசுனதில்லை. அக்கம்பக்கத்துல யாரை வேணாக் கேட்டுப் பாருங்க.

அந்தா, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு உள்ள போறாங்க. காலி ஸ்ட்ரெச்சரு. அப்ப தியேட்டர் காலியாயிருச்சு. இவளைத்தான் எடுக்கப் போறாங்க. கடவுளே.

அக்கா, நீங்க போங்க. உங்க மருமகளைப் பார்க்கறேன்னு சொல்லிட்டு உள்ள போங்க, உங்களைத் தடுக்க மாட்டாங்க. கதவுல இருந்து மூணாவது கட்டில்ல இருப்பா. பச்சைச் சேலை. கிட்டப் போயி, "உங்க வீட்டுக்காரரு வெளியதான் இருக்கறாரு, எங்கயும் போகலை"ன்னு சொல்லுங்க. அப்பறம் எண்பத்தொம்போதுன்னு சொல்லுங்க. அவ முள்ளைப் பார்க்கறதுக்குள்ள விழுந்துட்டா, இங்க நான் டாக்டருகிட்டச் சொன்னதும் வலியில காதுல ஏறியிருக்காது. எண்பத்தொம்போதுன்னு தெரிஞ்சா ஒரு தெம்பு வருமில்ல? ஜெயிச்சுட்டோம்னு…

வேண்டாமுங்களா? ஏனுங்க்கா? அதைச் சொல்ல மாட்டேன்னா எப்படீங்க? அதுக்குத்தானே ஆறு மாசம்…

சரி. சரிங்க்கா. கோவிச்சுக்காதீங்க. எடையைச் சொல்ல வேண்டாம். வேற சொல்லுங்க. அவளுக்குப் புடிச்சதா ஏதாச்சும்… அவளுக்கு என்ன புடிக்கும்னா… அவளுக்கு வந்து…

நில்லுங்க்கா, ஒரு நிமிசம். சக்கரச் சத்தம் கேக்குது, கதவு கிட்ட வந்துட்டாங்க. போயிராதீங்க. இருபது வருசத்துக்கு மேல ஒண்ணா இருந்திருக்கறோம், சொல்றதுக்கு ஒண்ணு இல்லாமயா போயிரும்? யோசிக்கறேன். இதோ, யோசிச்சுட்டேதான் இருக்கறேன்.